கண்ணுள் வினையும் சித்திரக்கூடச் சிட்சையும்



இந்த அறக்கட்டளை மேடையில் இசையைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் ஆன்றோர் பலர் பேசக் கேட்டுப் பின்வரிசையிலிருந்து மனம் நிறைந்து வீடு திரும்பியவன் நான். இன்று, உருவத்தை உள்ளது உள்ளபடி வரையக் கற்பிக்கும் சித்திரக்கூடப் பயிற்சியைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். ஒரு குருவின் அறையில், அவர் கண்ணெதிரே, ஒரு பொருளின் முன்னால் வாரக்கணக்கில் அமர்ந்து, கோட்டிலிருந்து நிழலுக்கும் நிழலிலிருந்து வர்ணத்துக்கும் படிப்படியாக ஏறிச் செல்லும் அந்தச் சிட்சையில் என் இளமை முழுவதும் கழிந்தது. அதன் பிறகு, பிறருக்கு அதையே சொல்லிக் கொடுப்பதில் எஞ்சிய ஆயுளும் கழிந்து வருகிறது.

மதுரைக்காஞ்சி ஓவியர்களைக் ‘கண்ணுள் வினைஞர்’ என்று அழைக்கிறது. பார்ப்பவருடைய கண்ணுக்குள்ளே தம் தொழிலைக் கொண்டுபோய் நிறுத்துபவர்கள் ஆதலால் அப்பெயர் பெற்றார்கள் என்று நச்சினார்க்கினியர் விளக்கம் தருகிறார். உரையாசிரியரின் பொருளை மறுக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆயினும், தொழில் செய்தவன் என்ற முறையில் அப்பெயருக்கு இன்னொரு பொருளையும் நான் நெடுங்காலமாக மனத்தில் வைத்துப் போற்றி வருகிறேன். ஓவியனுடைய வினை நடைபெறும் இடம் அவனுடைய கை அன்று, கண். கை, கண் ஏவியதைச் செய்யும் வேலையாள். அதற்குப் பயிற்சி தேவைதான், ஆனால் அது சில மாதங்களில் வந்துவிடும். கண்ணுக்கு வேண்டிய பயிற்சியோ வேறு வகைப்பட்டது. கண் தான் கண்டதைச் சொல்வதே இல்லை. தனக்கு முன்பே தெரிந்ததைத்தான் சொல்கிறது. அந்தப் பழக்கத்தை அதனிடமிருந்து மெல்ல மெல்லக் கழற்றி எடுப்பதற்குத்தான் அத்தனை ஆண்டுகளும், அத்தனை காகிதமும், அருகில் ஒரு குருவும் வேண்டியிருக்கிறது.

1964-ஆம் ஆண்டில், பதினாறு வயதுச் சிறுவனாக, இந்த மயிலாப்பூரில், சித்திரக்குளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் மாடியறையில் சித்திரக்கூடம் நடத்தி வந்த ஒரு பெரியவரிடம் என் தகப்பனார் என்னைக் கொண்டுபோய் விட்டார். சித்திரக்கூடம் இருக்கச் சித்திரக்குளத்தை விடப் பொருத்தமான இடம் ஏது என்று நாங்கள் மாணவர்கள் மகிழ்ந்ததுண்டு. அப்போது என்னிடம் இருந்த மூலதனமெல்லாம், அரசாங்கத் தொழில்நுட்பப் பரீட்சையில் ‘ஃப்ரீஹேண்ட் அவுட்லைன்’ லோயரும் ஹையரும் தேறியதற்கான இரண்டு சான்றிதழ்களே. வாத்தியார் அவற்றை மரியாதையோடு வாங்கிப் பார்த்து, மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த பிளாஸ்டர் காது ஒன்றைக் காட்டி, “இதை வரை, முடிந்ததும் சொல்” என்றார்.

ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். “முடிந்தது சார்” என்றேன். அவர் என்னை எழுப்பிவிட்டு, நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்தார். அவர் என்னை விட உயரம். ஆகவே முதுகை வளைத்துத் தலையைத் தாழ்த்தி, என் கண் இருந்த மட்டத்துக்குத் தம் கண்ணைக் கொண்டுவந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் காதைப் பார்த்தார். பிறகுதான் என் காகிதத்தைப் பார்த்தார். மேசை டிராயரிலிருந்து ஒரு முழ நூலை எடுத்தார். அதன் முனையில், கொத்தனாரின் தூக்குக்குண்டைப் போல, சிறிய ஈயக் குண்டு ஒன்று கட்டியிருந்தது. அதைக் காதுக்கு நேராகத் தொங்கவிட்டு, “மேல்மடலின் வெளிவிளிம்பு இந்த நூலுக்கு எந்தப் பக்கம், சோணை எந்தப் பக்கம், பார்த்துச் சொல்” என்றார். சோணை நூலுக்கு உள்ளே இருந்தது. என் காகிதத்தில் அது வெளியே இருந்தது. அவர் வேறொன்றும் சொல்லவில்லை. நூலை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் காதை நான் மூன்று வாரம் வரைந்தேன்.

அந்த மூன்று வாரத்தில் கற்றவற்றை எழுதினால் ஒரு சிறு புத்தகம் ஆகும். புளிய விளாரை மூடிய டப்பாவில் சுட்டுச் சார்கோல் செய்துகொள்வது, தப்பான கரியை ரொட்டியின் வெண்பகுதியைப் பிசைந்து ஒற்றி எடுப்பது, கண்ணைச் சுருக்கிப் பார்த்துப் பத்து வகை நிழலை இரண்டே வகையாக ஒடுக்கிக்கொள்வது, வரைந்ததைக் கண்ணாடியில் திருப்பிப் பார்த்து அதுவரை புலப்படாத கோணலைக் கண்டுபிடிப்பது ஆகியவை எல்லாம் அதில் அடங்கும். இவை நூல்களிலும் உண்டு. பாரிஸில் கூப்பில் நிறுவனத்தார் 1860-களிலும் அதன் பின்னும் வெளியிட்ட சார்ல்ஸ் பார்க் என்பவரின் சித்திரப் பாடங்களை வைத்துக்கொண்டு, வான்கோ போன்ற மேதைகூடத் தனியே உட்கார்ந்து ஏடு விடாமல் நகலெடுத்துப் பழகினார் என்பதும் நாம் அறிந்ததே. ஆனால் நூலில் கிடைக்காதது ஒன்று உண்டு. என் ஸ்டூலில், என் கண்மட்டத்தில், என் இடத்திலிருந்து அந்தக் காதைப் பார்த்துவிட்டு என் பிழையைச் சொல்ல ஒரு மனிதர் இருந்தார். இரண்டு அங்குலம் நகர்ந்து பார்த்தாலும் அது வேறு காது. குருகுலம் என்ற பெருஞ்சொல்லுக்கு நான் அனுபவத்தில் கண்ட பொருள், குரு தம் முதுகை வளைத்துச் சிஷ்யனுடைய ஸ்தானத்தில் உட்கார்வதுதான்.

சித்திரக்கூடம் என்றால் வடக்கு ஜன்னல் வேண்டும் என்பது ஐரோப்பியர் வகுத்த நியதி. வடக்கிலிருந்து வரும் வெளிச்சம் சூரியனுடைய நேர் வெளிச்சம் அன்று, வானத்தின் வெளிச்சம். ஆகவே காலை முதல் மாலை வரை நிழல் இடம் பெயராது நிற்கும் என்பது அதன் தத்துவம். பாரிஸுக்கும் லண்டனுக்கும் அது சரி. சென்னையோ பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில் இருக்கும் ஊர். சித்திரை பாதியிலிருந்து ஆவணித் தொடக்கம் வரையில் நம் நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறான். அந்த நான்கு மாதமும் எங்கள் வடக்கு ஜன்னல் வழியாகவே வெயில் உள்ளே இறங்கி, அரும்பாடுபட்டு வரைந்த நிழலையெல்லாம் கலைத்துவிடும். வாத்தியார் ஒரு பழைய மல் வேட்டியை இரண்டாக மடித்து ஜன்னலில் கட்டுவார். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வேறு சோதனை: காகிதம் நீர் கோத்து வளையும், கரி பிடிக்காது, எண்ணெய் வர்ணம் பத்து நாளானாலும் ஈரம் காயாது, கான்வாஸின் பின்புறம் பூசணம் பூக்கும். வெளிநாட்டு வித்தை ஒன்று நம் ஊருக்கு வந்து நம்முடையது ஆவதென்பது, இப்படி ஒரு வேட்டியைக் கட்டுவதிலிருந்துதான் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த வித்தை நம்மிடம் வந்து சேர்ந்த வரலாறு எளிதானது அன்று. கேரளத்து ரவிவர்மா இளைஞராக எண்ணெய் வர்ணம் கற்க விரும்பியபோது, திருவிதாங்கூர் அரண்மனை ஓவியராக இருந்த மதுரை ராமஸ்வாமி நாயுடு அவருக்குச் சொல்லிக் கொடுக்க இசையவில்லை. நாயுடுவிடம் வேலை பார்த்த ஆறுமுகம் பிள்ளை என்பவர் இரகசியமாக உதவினார் என்று ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். 1868-இல் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய உருவ ஓவியர் தியோடர் ஜென்சனும், தாம் தீட்டும்போது நின்று பார்த்துக்கொள்ள மட்டுமே அனுமதித்தார். கதவின் ஓரத்தில் நின்று பார்த்துக் கற்ற அந்த இளைஞர்தாம் 1873-இல் சென்னைக் கண்காட்சியில் கூந்தல் முடிக்கும் நாயர் பெண்ணின் சித்திரத்துக்காகக் கவர்னரின் தங்கப் பதக்கம் பெற்றார். எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய மூலச் சித்திரங்களை வாத்தியார் எங்களுக்குக் காட்டியபோது, அவற்றின் பட்டையும் நகையையும் பார்க்க வேண்டாமென்றும், கழுத்து தோளோடு சேரும் இடத்தை மாத்திரம் பார்க்கும்படியும் சொன்னார். ஒருவரிடமும் முறையாகக் கற்க வழியில்லாத மனிதர், அந்த ஓரிடத்துக்காக எத்தனை இரவுகள் தனியே விழித்திருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன். வித்தையை ஒளித்து வைத்தவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. அந்த வருத்தம் இன்றும் தீரவில்லை.

ஒளிக்காமல் கற்பிக்கும் ஸ்தாபனம் ஒன்று அதற்கு முன்பே சென்னையில் தோன்றியிருந்தது. அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற வைத்தியர் 1850-இல் தொடங்கிய கலைப் பள்ளி, விரைவிலேயே அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்து, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்றும் கல்லூரியாக நடந்து வருகிறது. கல்கத்தா, பம்பாய், லாகூர்ப் பள்ளிகளுக்கெல்லாம் மூத்தது அது. கைத்தொழிலாளருக்குச் சித்திர ஞானம் ஊட்டுவதே அதன் ஆதி லட்சியம். ஓவியர்களை உண்டாக்குவது அன்று. முதலில் அச்சுச் சித்திரத்தைப் பார்த்து வரைவது, அடுத்துப் பிளாஸ்டர் உருவத்தைப் பார்த்து வரைவது, கடைசியாக உயிருள்ள மனிதரைப் பார்த்து வரைவது என்ற ஏணிப்படி, லண்டன் தென்கென்சிங்டனில் வகுக்கப்பட்டு இங்கே இறக்குமதியாயிற்று. இந்த ஏணி நமக்கு ஒவ்வாது என்று பின்னாளில் முழங்கிய ஈ. பி. ஹேவல், 1884-இல் சென்னைப் பள்ளிக்குத்தான் தலைவராக முதலில் வந்தார் என்பதும் நினைக்கத்தக்கது.

1929-இல் அப்பள்ளியின் முதல் இந்தியத் தலைவராக வந்து 1957 வரை இருந்த தேவிபிரசாத் ராய் சௌதுரியைப் பற்றி வாத்தியார் பேசாத நாள் இல்லை. அவர் அபனீந்திரநாத தாகூரின் மாணவர். மேனாட்டு முறையையும் தனியே பயின்றவர். மல்யுத்தமும் வேட்டையும் பழகியவர். வங்காளியில் கதைகள் எழுதியவர். தசையின் இயக்கத்தை அவர் அறிந்தது புத்தகத்தில் இல்லை, கோதாவில். மெரீனாவில் 1959-இல் நிறுவப்பட்ட ‘உழைப்பாளர் சிலை’யை நாம் எல்லோரும் பஸ்ஸிலிருந்து பார்க்கிறோம். ஒருநாள் இறங்கி, பாறையை நெம்புகிற அந்த நால்வரின் பின்புறமாகச் சென்று, முதுகெலும்பின் இருபுறமும் தசை எப்படி இறுகி நிற்கிறது, குதிகால் எப்படி மண்ணைத் தள்ளுகிறது என்று பாருங்கள். அதற்கு மாதிரியாக நின்றவர்கள் வேறெங்கிருந்தோ வரவழைக்கப்பட்டவர்கள் அல்லர். பள்ளியின் இரவுக் காவலரும் மாணவர் ஒருவருமே. தம் வாசலில் காவல் நின்றவரின் உடம்பில் உழைப்பின் மகத்துவம் இருப்பதைக் கண்ட கண் அது. கடற்கரைக் காந்தி சிலையும் அவர் செய்ததே.

அவரிடம் பயின்றவர்கள் அனைவரும் அவரைப்போல் வரையவில்லை என்பதே அவர் நல்ல ஆசிரியர் என்பதற்குச் சாட்சி. நாமக்கல்லிலிருந்து, தாமே உருவச் சித்திரம் தீட்டிய கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் ஊக்கத்தால் சென்னைக்கு வந்து அப்பள்ளியில் சேர்ந்த ஸ்ரீநிவாசன்தான், பின்னர் ஓவியர் மாலியிடமிருந்து ‘சில்பி’ என்ற பெயரைப் பெற்று, ஆனந்த விகடனில் தென்னாட்டுக் கோயில்களை வாரந்தோறும் நம் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய ‘பொன்னியின் செல்வ’னுக்குச் சித்திரம் தந்த மணியமும் அப்பள்ளிக்காரரே. இதே மயிலாப்பூரில் நடுத்தெருவில் வாழ்ந்த எஸ். ராஜம், அங்கே பயின்றுவிட்டு, அஜந்தா சித்தன்னவாசல் வழியைத் தமக்கென்று தேர்ந்துகொண்டார். சங்கீத மும்மூர்த்திகளை நாம் இன்று மனத்தில் காண்பதே அவர் தந்த வடிவத்தில்தான். மயிலாப்பூரிலேயே பிறந்த தனபால், பெரியாரின் தலைச் சிற்பத்தைச் செய்தார். அவரிடம் பயின்ற ஆதிமூலம், காந்தியடிகளை வெறுங்கோடுகளால் நூறு விதமாக நிறுத்திக் காட்டினார். கே. சி. எஸ். பணிக்கர் 1957-இல் தலைமை ஏற்று, 1966-இல் சோழமண்டலம் கலைக்கிராமம் உருவாக வழிகாட்டி, அரூபத்தின் பக்கம் ஒரு தலைமுறையைத் திருப்பினார்.

இந்தத் திருப்பத்தை நான் குறை கூறவில்லை. ஆனால், என் இளமையில் ஒரு கண்காட்சித் தேர்வுக் குழுவினர் நான் மூன்று மாதம் தீட்டிய உருவச் சித்திரத்தைத் திருப்பியனுப்பி, “இது கேமரா செய்யும் வேலை” என்று ஒருவரிக் காரணம் எழுதியது இன்றும் நினைவில் இருக்கிறது. யதார்த்தத்தைத் துறந்து புதுமை கண்ட பெரியோர் எல்லோரும் முதலில் யதார்த்தத்தில் நெடுங்காலம் குடியிருந்தவர்கள். அவர்களுக்குத் துறக்க ஒரு வீடு இருந்தது. பின் வந்த மாணவருக்கு அந்த வீட்டையே காட்டாமல் துறவை மட்டும் உபதேசித்தது நியாயம் ஆகாது என்பது என் துணிபு.

கேமராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேமராவுக்கு ஒரே கண், ஒரே கணம். புகைப்படத்தில் நிழல் கறுத்து அடைத்துப்போகும். காதின் விளிம்பும் மூக்கின் நுனியும் ஒரே கூர்மையில் நிற்கும். நேரில் அமர்ந்து வரைபவனோ இரண்டு கண்ணால், இருபது நாள், மூச்சுவிட்டுக்கொண்டு அசைகிற ஒருவரைப் பார்க்கிறான். அந்த நிழலுக்குள்ளே சுவரிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் அவனுக்குத் தெரிகிறது. இன்று இளைஞர்கள் செல்பேசிப் படத்தைப் பெரிதாக்கி அப்படியே படியெடுத்துத் தத்ரூபம் என்று காட்டும்போது, அவர்களுடைய பொறுமையை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் மனிதரை வரையவில்லை, ஒரு கண்ணாடிச் சில்லு கண்டதை நகல் எடுக்கிறார்கள். வடமொழி நூலார் சித்திரத்தின் ஆறு அங்கங்களில் சாதிருசியத்தை ஒன்றாக எண்ணினார்கள். பிரமாணத்தையும் பாவத்தையும் லாவண்யத்தையும் அதன் பக்கத்திலேயே வைத்தார்கள். சாயல் தனியே வந்தால் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கலைப் பள்ளிக்கு வெளியேயும் இந்தச் சிட்சை நடந்து வந்தது. சொல்லப்போனால், குருகுலம் என்ற பெயருக்கு அங்கேதான் முழு உரிமை. சென்னையில் பிறந்து கலைப் பள்ளியில் பயின்று, திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் சந்நிதியில் சிலகாலம் இருந்து, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதி ஊர் ஊராய்ச் சுற்றிய கொண்டையராஜு, கடைசியில் கோவில்பட்டியில் நிலைத்தார். மணம் செய்துகொள்ளாத அவருக்குச் சிஷ்யர்களே குடும்பம். டி. எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் முதலானோர் அவர் வீட்டிலேயே வளர்ந்து, அவரோடு உண்டு, அவருடைய தூரிகைக் கழுவலிலிருந்து வித்தை கற்றார்கள். சிவகாசியில் அச்சாகித் தமிழர் வீட்டுச் சுவர்தோறும் தொங்கிய லட்சுமியும் முருகனும் மீனாட்சி கல்யாணமும் அங்கிருந்து வந்தவை. காலண்டர் சித்திரம் என்று இகழ்பவர்கள், அந்த முருகனின் கன்னத்தில் நிழல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒருமுறை பார்க்க வேண்டும்.

நம் நகரத்தில் சினிமா பேனர் எழுதிய கூடங்களும் அவ்வாறே. சேர்ந்த பையன் முதல் ஆண்டு தூரிகை கழுவுவான், வர்ணப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைப்பான். பிறகு ஸ்டில் படத்தில் கட்டம் போட்டு, துணியிலும் அதே கட்டத்தைப் பத்து மடங்காகப் போடப் பழகுவான். பின்னணி நிரப்புவான், சட்டை புடவை எழுதுவான். முகத்தைத் தொடும் உரிமை குருவுக்கு மட்டும். நாற்பதடித் துணியில் ஒரு கண்ணே ஆள் உயரம் இருக்கும்போது, கிட்ட நின்று எழுதுபவனுக்கு அது கண்ணாகவே தெரியாது. எதிர்ச்சாரியிலிருந்து பார்த்தால்தான் உயிர் வரும். அந்தத் தூரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கிட்ட நின்று தீட்டும் சாமர்த்தியத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. அண்ணாசாலையில் நின்று பேனர் பார்த்துவிட்டு வருமாறு வாத்தியார் எங்களை அனுப்புவார். ஃப்ளெக்ஸ் அச்சு வந்தபின் சில ஆண்டுகளுக்குள் அந்தக் கூடங்கள் மூடிப்போயின. அதற்காக எந்தச் சபையிலும் இரங்கல் தீர்மானம் நிறைவேறவில்லை.

இனி, என் வாத்தியாருக்கு நான் பட்ட கடனில் பெரியதைச் சொல்கிறேன். பிளாஸ்டர் உருவம் வெண்மையானது. வெள்ளைப் பரப்பில் நிழல் படிந்து படிந்து இறங்குவதைப் பார்க்கத்தான் அது கண்ணைப் பழக்குகிறது. அந்தக் கண்ணோடு ஒரு தமிழ் முகத்தின் முன்னால் உட்கார்ந்தால் வித்தை கைவிட்டுவிடும். கரிய மேனியில் உருவத்தைச் சொல்வது நிழல் அன்று, வெளிச்சம். நெற்றியிலும் கன்ன மேட்டிலும் வானத்தின் நீலம் வந்து பளிச்சென்று உட்காருகிறது. நிழலுக்குள்ளே செம்மை கனிந்து நிற்கிறது. மேனாட்டு நூல்களில் மேனிக்குக் கூறியிருக்கும் வர்ணக் கலவையைப் போட்டால், நம் மனிதர் சாம்பல் பூசியவர்போல ஆகிவிடுவார். இதைக் கண்டுகொண்ட வாத்தியார், பிளாஸ்டர் காதுக்கு அடுத்த பாடமாக எங்கள் முன் வைத்தது ஒரு கிரேக்கத் தலையை அன்று. தம் வீட்டு அம்மியின் குழவிக்கல்லை. அதில் சிறிது நல்லெண்ணெய் தடவி, ஜன்னல் ஓரத்தில் வைத்து, “கறுப்பை எழுதாதே, கறுப்பின்மேல் வெளிச்சம் எங்கெங்கே தங்குகிறது என்று மட்டும் எழுது” என்பார். கர்ப்பக்கிருகத்தில் எண்ணெய்க் காப்பிட்ட மூலவரை விளக்கொளியில் பார்த்துப் பார்த்துக் கோட்டில் கொண்டுவந்த சில்பியின் சித்திரங்களை அதற்குப் பிறகுதான் எனக்குப் படிக்கத் தெரிந்தது. கும்பகோணத்திலும் சென்னையிலும் பயின்று, ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கும் நம் கிராமத்துப் பெண்களை அவர்களுடைய நிறத்தோடும் கம்பீரத்தோடும் தீட்டிய ஓவியர் இளையராஜா, 2021 ஜூனில், பெருந்தொற்றில், இளம் வயதிலேயே மறைந்தபோது, குழவிக்கல் பாடத்தை முழுமையாகத் தேறிய ஒருவரை இழந்தோம் என்று என் மாணவர்களிடம் சொல்லி அழுதேன். அவரை நான் நேரில் அறியேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வாத்தியார் எங்களை அடையாற்றுப் பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்துக்கு அழைத்துச் செல்வார். அதன் தாய் மரம் 1989-இல் சாய்வதற்கு முன்னைய காலம் அது. விழுதுகளின் காட்டில் எதை முதலில் வரைவது என்று திகைத்து உட்கார்ந்திருப்போம். “விழுதை வரையாதே. விழுதுக்கும் விழுதுக்கும் நடுவே தெரிகிற வானத்தை வரை, விழுது தானே வந்து நிற்கும்” என்பார். வந்து நின்றது. விழுதுக்கு ஒரு பெயர் உண்டு, அதன் வடிவம் நமக்கு முன்பே தெரியும். இரண்டு விழுதுக்கு நடுவேயுள்ள வெளிக்குப் பெயரே கிடையாது. பெயரில்லாததைப் பார்க்கும்போது கண் பொய் சொல்ல முடியாமல் போகிறது.

ஆனால் எனக்கு இதைக் கடைசியாகவும் உறுதியாகவும் கற்பித்தவர் வாத்தியார் அல்லர். மாடவீதியில் பூக்கட்டி விற்ற ஓர் அம்மாள். வியாபாரம் ஓய்ந்த பிற்பகல்களில், மணிக்கு இவ்வளவு என்று பேசி, அவர் எங்களுக்கு மாதிரியாக உட்காருவார். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து நடப்பார். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார, அவர் பாதத்தைச் சுற்றித் தரையில் சாக்குக் கட்டியால் கோடு போட்டிருப்போம். அப்போது நான் சேர்ந்து நான்காம் ஆண்டு. எண்ணெய் வர்ணத்தில் கைதேர்ந்துவிட்டதாக எண்ணம். மடியில் கோத்து வைத்திருந்த அவர் கைகளைச் சுருக்கம் சுருக்கமாக, நரம்பு நரம்பாக, பதினைந்து நாள் தீட்டினேன். நண்பர்கள் பாராட்டினார்கள். வாத்தியார் தினமும் வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

கடைசி நாள், கூலியை வாங்கி முடிந்துகொண்டு கிளம்பும்போது, அந்த அம்மாள் முதன்முறையாக என் ஈசலுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

“மூஞ்சி நல்லா வந்திருக்கு தம்பி. இந்தக் கை யாரோடது?” என்று கேட்டார்.

“உங்க கைதாம்மா.”

“என் கைன்னா இந்த விரலு இப்படி நேரா நிக்காதே” என்று தம் வலக்கை ஆள்காட்டி விரலை என் முன் நீட்டினார். நாற்பது ஆண்டு நாரை இழுத்து முடிச்சுப் போட்டதில், அவ்விரல் நுனிக் கணுவில் உள்பக்கமாக வளைந்து, நடுவிரலை நோக்கிச் சாய்ந்திருந்தது. பதினைந்து நாள், ஆறடி தூரத்தில், வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் அது என் எதிரே இருந்தது. நான் பார்க்கவில்லை. கிழவியின் கை என்றால் சுருக்கம் இருக்கும், நரம்பு இருக்கும் என்று எனக்குத் தெரியும், தெரிந்ததைத் தீட்டியிருந்தேன்.

வாத்தியார் அறையின் மறுகோடியில் தூரிகை துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. “அம்மா நாளைக்கும் வரணும், கூலி நான் தரேன்” என்று மட்டும் சொன்னார். மறுநாள் கையைச் சுரண்டி எடுத்துவிட்டு, டிராயரிலிருந்து அந்த நூலையும் குண்டையும் எடுத்துக்கொண்டு மீண்டும் உட்கார்ந்தேன். அந்தச் சித்திரம் இன்றும் என் வீட்டில் இருக்கிறது, விரல் வளைந்திருக்கிறது, அதன் அடியில் பழைய நேர்விரலின் தடம் சாய்ந்த வெளிச்சத்தில் மேடாகத் தெரியும். மாணவர்களுக்கு அதை அவசியம் காட்டுகிறேன்.

இன்று தியாகராய நகரிலும் அடையாற்றிலும் இங்கேயும் சிறுவர்களுக்கு வார இறுதிச் சித்திர வகுப்புகள் பல நடக்கின்றன. பெற்றோர் ஒரு மணி நேரத்தில் ஒரு படம் முடிந்து வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆசிரியர்கள் என்ன செய்வார்கள், பாவம், முடித்துக் கொடுக்கிறார்கள். மேல்நாடுகளிலோ, அழிந்துவிட்டது என்று கருதிய பழைய சித்திரக்கூட முறையை மினியாபொலிஸில் 1969-இலும் ஃபிளாரென்ஸில் 1991-இலும் தனிமனிதர்கள் மீண்டும் தொடங்கி, இன்று மூன்றாண்டு நான்காண்டுப் பாடமாகப் பல நகரங்களில் நடத்திவருகிறார்கள். அவர்கள் தேடிக் கண்டெடுத்தது, நம்மிடம் இந்தத் தெருக்களிலேயே அறுபடாமல் இருந்தது. அறுந்துகொண்டிருப்பதை என் ஆயுளில் பார்க்கிறேன்.

என் வாத்தியாரின் அறை இப்போது இல்லை. அவ்விடத்தில் அடுக்ககம் எழுந்துவிட்டது. பிளாஸ்டர் காது, குழவிக்கல், ஈசல்கள் எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தன. கச்சேரி சாலையை ஒட்டி, வடக்கு ஜன்னல் உள்ள ஓர் அறையை, இவ்வறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் மூன்றாண்டுக்கு வாடகையின்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை அவைத் தலைவர் அவர்களின் அனுமதியோடு இங்கே நன்றியுடன் அறிவிக்கிறேன். ஆறு பேருக்குத்தான் இடம் இருக்கிறது. ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொடங்குவோம். வயது வரம்பு இல்லை, கட்டணம் இல்லை. காகிதமும் கரியும் நான் தருகிறேன். வருகிறவர்கள் ஒரு முழ நூலும், முனையில் கட்ட ஒரு சிறு ஈயக் குண்டும் மட்டும் கொண்டு வந்தால் போதும். முதல் மூன்று வாரம் காதுதான்.